மேசன் மூர்த்தியின் மூன்று வருட விரதம்

திராய்மட்டில் சுனாமிக்காரருக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் வினாயகமூர்த்தியின் தாடியை அறியாதவர் இல்லை. நெஞ்சுவரை இறங்கிய தாடி. அதோடு அவன் சாரத்தில் ஏறி நின்று சுவர் பூசும்போது, கீழே போகிற பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள். அம்மாளுக்கு நேர்ந்திருக்கிற மனிதன் என்ற மரியாதை. ஒரு நேரச் சோறு, அதுவும் மரக்கறியோடு. தனிப் பீங்கான், தனிக் கோப்பை, தனிப் பாய். இப்படி மூன்று வருடம். பிள்ளை வரம் கேட்டு விரதம் இருக்கிறான் என்று ஊரே சொன்னது. பிள்ளை வரம் கேட்கிறவன் பெண்சாதியின் பக்கமே போகாமல் இருந்தால் அம்மாள் எந்த வழியால் பிள்ளையைக் கொடுப்பாள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்தி என்று வந்துவிட்டால் நமது சனம் மேற்கொண்டு யோசிக்காது.

அந்தத் தாடி அம்மாளுக்காக வளர்ந்ததல்ல. சலூன்காரனின் கத்தி பட்டு ஒரு சொட்டு இரத்தம் வந்தால், அதே கத்தி அடுத்தவன் கன்னத்திலும் படுமே என்ற பயத்தில் வளர்ந்தது. தன் உடம்பில் எயிட்ஸ் இருக்கிறது என்று வினாயகமூர்த்தி நம்பிக்கொண்டிருந்தான்.

கதையைச் சுனாமியிலிருந்துதான் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அவன் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த ஒரு மணற்கீற்றில், மாமி சீதேவிப்பிள்ளை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் இருந்தான். மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அவனும் ஒரு பெட்டி உடுப்போடு போனவன். பெண்சாதி அன்னப்பூரணிக்கு ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. பத்தாவது வருடம் தனுஷா பிறந்தாள். அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏறாவூரில் முஸ்லிம் தலைமை மேசன் சரீப் பாஸின் வேலைத்தலத்துக்கு ஞாயிறு லீவு கிடையாது, அதனால் வினாயகமூர்த்தி அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தான். மாமி ஒரு செத்தவீட்டுக்காக வெல்லாவெளிக்குப் போயிருந்தாள். அன்னப்பூரணியைக் கடல் உயிரோடு ஒரு தென்னையில் கொண்டுபோய்ச் செருகிவிட்டுப் போனது. பிள்ளையை மூன்றாம் நாள் வாவிப் பக்கத்துக் கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள்.

முகாமில் ஒரு வருடம் போனது. பிறகு வீடு வந்தது. வீடு வந்த பிறகு அன்னப்பூரணிக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு. இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்குள் ஒரு பிள்ளை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் அதை வாய் திறந்து சொன்னதில்லை. புது வீட்டின் சின்ன அறையில் ஒரு சாமானும் போடாமல் வெறுமையாக வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் வினாயகமூர்த்தி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு புரட்டாதியில் நீர்கொழும்பில் ஒரு விடுதி கட்டுகிற வேலைக்கு இரண்டு மாதம் போனான். அங்கே இருக்கும்போது தனுஷாவின் பிறந்தநாள் வந்தது. மத்தியானமே சாராயம் குடித்துவிட்டு மணல் குவியலில் குந்தி அழுதுகொண்டிருந்தவனை, கல் ஏற்றி வந்த லொறி டிரைவர், மனம் ஆறும் வா என்று ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். உள்ளே இருந்தவள் இவனைவிட மூத்தவளாக இருக்கவேண்டும். உறையைத் தானே பிரித்துக் கொடுத்தாள். அது இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்பதை முகத்தாலேயே சொல்லிவிட்டாள். ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் அவன் மறுபடியும் அழுதான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

நடந்தது இவ்வளவுதான். மற்றவன் என்றால் குளித்துவிட்டு மறந்திருப்பான். இவனுக்கு அது முடியவில்லை. பிள்ளையின் பிறந்தநாளில் செய்த காரியம் என்று அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. குற்றம் செய்தவன் தண்டனையை எதிர்பார்த்துக்கொண்டுதானே இருப்பான். மார்கழியில் அவனுக்குத் தண்டனை வந்துவிட்டது. காய்ச்சல், மூட்டு நோ, நெஞ்செல்லாம் சிவந்த புள்ளி.

அந்த மார்கழியில் மட்டக்களப்பே சிக்குன்குன்யாவில் கிடந்தது. திராய்மட்டில் வீட்டுக்கு இரண்டு பேர் நிமிர முடியாமல் நொண்டினார்கள். மாமிக்கு வந்தது, அன்னப்பூரணிக்கு வந்தது, பக்கத்து வீட்டு நாய்க்கு மட்டும்தான் வரவில்லை. ஆனால் வினாயகமூர்த்திக்கு வந்தது மட்டும் வேறு என்று அவன் முடிவு கட்டினான். முகாமில் இருந்த காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து தெருநாடகம் போட்டிருந்தது. கறுப்பு பெனியனில் வெள்ளையாக எலும்பு கீறிய ஒருவன் சனத்தின் நடுவில் துள்ளித் துள்ளி, காய்ச்சல் வரும், புள்ளி வரும், வாய் வேகும், வயிறு கழியும், உடம்பு மெலியும் என்று பாடினான். அது எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்பதையும் பாடியிருப்பான். அந்த நேரம் பார்த்து நிவாரண அரிசி லொறி வந்ததால் சனம் எழும்பி ஓடிவிட்டது. வினாயகமூர்த்தியும் ஓடினான். பாதி நாடகம்தான் அவன் மண்டையில் இருந்தது.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவன் தன் உடம்பைப் பார்க்கத் தொடங்கினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடி வாய் வெந்தால், அது. புதுக் கிணற்றுத் தண்ணீரில் வயிறு கழிந்தால், அது. கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்படுகிறதா என்று காலையும் மாலையும் அமத்தி அமத்திப் பார்த்ததில், அமத்திய இடமே வீங்கிப்போனது. அது பெரிய அத்தாட்சியாகிவிட்டது.

தை மாதம் காய்ச்சல் விட்டதும் அன்னப்பூரணி ஒரு மத்தியானம் அவன் பாய்க்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அவன் திடுக்கிட்டு எழும்பினான்.

"நான் அம்மாளுக்கு நேர்ந்திரிக்கன்," என்றான். அந்த நிமிடம் வாயில் வந்தது அதுதான்.

கதவடியில் நின்ற சீதேவிப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டாள். "புள்ளைக்குத்தானே மனே?" என்றாள்.

அவன் ஓம் என்றான்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"மூணு சடங்கு முடியிற வரைக்கும்."

அம்மாள் கோயில் வைகாசிச் சடங்கு வருடத்துக்கு ஒன்று. மூன்று சடங்குக்குள் எப்படியும் செத்துவிடுவோம் என்று அவன் நினைத்திருந்தான். அன்னப்பூரணி மூன்று என்று கேட்டதும் விரலை மடித்துப் பார்த்தாள். பிறகு, "அம்மாள் காரியம், நான் என்னத்தச் சொல்ல," என்று எழும்பிப் போனாள். அம்மாளின் பெயரால் பொய் சொன்னது தனிக் குற்றமாகச் சேர்ந்து, அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பொய்க்கு வாகாகவே நடந்தது. தொற்றிவிடும் என்று தன் பீங்கானை அவன் தனியாக வைத்தான். விரதக்காரனின் பீங்கான் சுத்தமாக இருக்கவேண்டும் என்று மாமி அதைச் சாம்பல் போட்டு மினுக்கினாள். அயல் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தால் தூக்கமாட்டான். மனதைக் கட்டி வைத்திருக்கிறான் என்றார்கள். ஒரு நேரம் மரக்கறிச் சோறு தின்று, சாரத்தில் வெயிலில் நின்று, ஒழுங்காக நித்திரையும் இல்லாமல் இருந்தால் எந்த உடம்பும் மெலியும். அவன் மெலிந்தான். மெலிய மெலிய ஊரில் அவன் பக்தி பெருத்தது, அவன் பயமும் பெருத்தது. சாரன் இடுப்பில் நிற்காமல் வழுகுவதைப் பார்த்து, இன்னும் ஆறு மாதம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். ஆறு மாதம் போகும், இன்னுமொரு ஆறு மாதம் என்பான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்திருக்கலாமே என்றால், போகாமலும் இல்லை. இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் வாவிக்கு அக்கரையில் படுவான்கரைப் பக்கம் ஷெல் விழுந்து, வெல்லாவெளிச் சனமெல்லாம் வாவியைக் கடந்து சட்டி பானையோடு வந்துகொண்டிருந்த நேரம் ஒருநாள் புறப்பட்டான். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் எங்கே என்று கேட்டான். ஆஸ்பத்திரி என்றான். உடம்புக்கு என்ன வருத்தம் என்று ஆமிக்காரன் கேட்டான். பல்லு என்று சொல்லிவிட்டான். பின்னால் நின்ற திராய்மட்டு ஆள் ஒருவருக்கும் பல் வலிதான். வாங்க ஒன்றாய்ப் போவோம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று வினாயகமூர்த்தி ஒரு நல்ல பல்லைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆட்களின் சீவியம் கிராம அதிகாரியான விதானையாரின் கந்தோர்ச் சுவரில்தான் நடந்தது. செத்தவர் பட்டியல் அங்கே ஒட்டினார்கள். வீடு கிடைத்தவர் பட்டியல், தோணி கிடைத்தவர் பட்டியல், கிடைக்காதவர் பட்டியல், எல்லாம் பெயரும் அடையாள அட்டை இலக்கமுமாக அங்கேதான் ஒட்டினார்கள். தனுஷாவின் பெயரையும் அவன் அந்தச் சுவரில்தான் வாசித்தான். இரத்தம் கொடுத்தால் அதன் முடிவும் விதானையாருக்குத்தான் வரும், அவரும் பசை தடவி ஒட்டுவார் என்று அவன் நினைத்ததில் என்ன அதிசயம்? அதன் பிறகு மாமி எந்த முகத்தோடு கிணற்றடிக்குப் போவாள், அன்னப்பூரணியை யார் வீட்டுக்குள் விடுவார்கள் என்றெல்லாம் யோசித்து யோசித்து, சாவே மேல் என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

சாவு வரவில்லை. வந்தது மூன்றாவது வைகாசி. அந்த மாதம்தான் வடக்கே சண்டை முடிந்தது என்று றேடியோவில் சொன்னார்கள். திராய்மட்டில் சிலர் கொடி கட்டினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்ததும் வினாயகமூர்த்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு வருசம் இருக்கச் சொல்லுது மனசு," என்றான். சண்டை பிடிப்பாள் என்று பயந்திருந்தான். அன்னப்பூரணி, "சரி, இரிங்க," என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அது ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஆனி கடைசியில் சரீப் பாஸ் சாரத்திலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்து இரத்தம் நிறையப் போய்விட்டது. வேலையாட்களெல்லாம் இரத்தம் கொடுக்க லொறியில் ஏறினார்கள். வினாயகமூர்த்தியும் ஏறினான், ஏறாமல் இருக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினவன் அப்படியே மதிலோடு மதிலாக நடந்து பஸ் ஏறிவிட்டான்.

சரீப் பிழைத்தார். ஒன்றரை மாதம் கழித்து அவன் ஏறாவூருக்கு அவரைப் பார்க்கப் போனான். கால் கட்டோடு கட்டிலில் இருந்தவர் வந்த தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளினார். பிறகு கேட்டார்.

"பதினொரு பேர் தந்தாங்க மூர்த்தி. நீ வாசலோட திரும்பிட்டாயாம். சோனகனுக்கு உன்ட ரத்தம் ஓடப்படாதெண்டா?"

"பாஸ், அப்பிடிச் சொல்லாதீங்க."

"இருபது வருசம் ஒண்டாத் திண்டிருக்கம். தொண்ணூறாம் ஆண்டு தமிழனுக்கும் சோனகனுக்கும் அவ்வளவு நடந்தும் நீயும் நானும் முகம் திருப்பல்ல. இப்ப என்ன வந்தது?"

வேறு எதை நினைத்திருந்தாலும் அவன் வாயைத் திறந்திருக்கமாட்டான். இதைத் தாங்க முடியவில்லை. "என்ட ரத்தம் நல்லமில்ல பாஸ்," என்று தொடங்கி, நீர்கொழும்பிலிருந்து தாடிவரை ஒன்றும் விடாமல் சொன்னான்.

சரீப் அவன் கையிலிருந்த ஆறிப்போன தேத்தண்ணியை வாங்கி வைத்தார். "பாவி, மூணு வருசமாடா?" என்றார். "எனக்கு இந்த வருத்தமெல்லாம் தெரியா. தெரிஞ்ச ஆக்களிட்டப் போவம். நாளைக்கே."

மறுநாள் ஊன்றுகோலோடு திறீவீலரில் வந்து இறங்கி, அவனை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இந்த வருத்தத்துக்கென்று இருந்த பிரிவில் எமிலி என்ற மிஸ்ஸி இருந்தாள். வயதான தாதி, மூக்குக் கண்ணாடி, அவசரமில்லாத கை. பெயரைச் சொல்லத் தொடங்கினவனைத் தடுத்து, "பேர் தேவல்ல, இஞ்ச நம்பர்தான்," என்றாள்.

"விதானையாருக்கு எந்த நாள் அனுப்புவீங்க மிஸ்ஸி?"

"எந்த விதானையாருக்கு?" என்று அவள் விளங்காமல் கேட்டாள். விளங்கியபோது சிரிக்கவில்லை. "ஒருத்தருக்கும் அனுப்பமாட்டம். நீங்க வந்து கேட்டா உங்களுக்குச் சொல்லுவம், அவ்வளவுதான்."

முடிவு சொல்லுகிற நாளில் சரீப் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எமிலி கடதாசியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்டுமில்ல," என்றாள்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாத்தான் பார்த்தது. அண்டைக்கு உறை பாவிச்சது எண்டீங்க. கிழிஞ்சதா?"

"இல்ல."

"அப்ப முதலே பயப்பிட இடம் குறைவு. மூணு மாசம் கழிச்சு ஒருக்கா வந்திருந்தா அண்டைக்கே நிம்மதியா அனுப்பியிருப்பம். காய்ச்சலையும் புள்ளியையும் பார்த்து இதைச் சொல்ல ஏலா, ரத்தம்தான் சொல்லும். இன்னொண்டு, உண்மையா இருந்தாலும் ஒரே பீங்கானில திண்டாத் தொத்தாது. இவ்வளவையும் என்னத்துக்குத் தனியாச் சுமந்தீங்க?"

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மகிழ்ச்சி வரும் என்று நினைத்தால் அது வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இல்லாத வருத்தத்துக்கு மூன்று வருடத்தைக் கொடுத்துவிட்டோம் என்ற வெட்கம். அதை மெல்ல விழுங்கிய பிறகுதான் கேட்டான்.

"மிஸ்ஸி, நாப்பத்தொரு வயசில புள்ள கிடைக்குமா?"

"கிடைச்ச ஆக்கள் இரிக்காங்க. பொம்புளையக் கூட்டிட்டு வாங்க, டொக்டரிட்டக் காட்டுவம்."

அந்தச் சொல்லோடுதான் அவனுக்கு உயிர் வந்தது. சரீப்பை ஏறாவூர்ப் பக்கம் அனுப்பிவிட்டு நேரே சலூனுக்குப் போனான். தாடி மடியில் விழுந்தது. கண்ணாடியில் கன்னம் குழிந்த யாரோ ஒருவன் இருந்தான். சந்தையில் வாவி மீன் ஒரு கோர்வை வாங்கினான். பின்னேரம் நாலு மணிக்குத் திராய்மட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அன்னப்பூரணியிடம் என்னென்ன சொல்லவேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காலில் விழுவது, அடித்தால் வாங்குவது, நாளைக்கே மிஸ்ஸியிடம் கூட்டிப்போவது. வழியில் கண்டவர்கள், விரதம் முடிந்ததா, அம்மாள் கண் திறப்பாள் என்றார்கள்.

அன்னப்பூரணி கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழும்பினாள். கன்னத்தைப் பார்த்தாள், கையில் மீனைப் பார்த்தாள்.

"விரதம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. உன்னோட கொஞ்சம் கதைக்கவேணும்."

"இரிங்க, நான் முதல்ல சொல்லுறன்," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தாள். "எனக்கு மாசா மாசம் வாறது மாசியோட நிண்டிட்டு. முதல்ல புள்ளையாக்கும் எண்டு ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. எப்பிடி வரும்? மறுகா டொக்டரிட்டக் காட்டினன். இனி வராதாம். சில பேருக்கு இப்பிடி வயசுக்கு முந்திக் கெதியா நிக்குமாம்."

அவன் ஒரு எட்டு கிட்ட வந்தான். "ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க இடையில விட்டிருவீங்க. அம்மாளுக்கு நேர்ந்ததை இடையில விட்டா உங்களுக்கு ஏதும் வந்திருமெண்டு பயம். அதுதான் வைகாசியில இன்னொரு வருசம் எண்டக்குள்ளயும் பேசாம இருந்தன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டி அவன் கையிலிருந்த மீன் கோர்வையை வாங்கினாள்.

"அம்மாள் தரல்ல, அவ்வளவுதான். அதுக்கு நீங்க மனம் உடையாதீங்க. நீங்க ஒரு குறையும் வைக்கல்ல. எனக்கொரு புள்ளைக்காக மூணு வருசம் பட்டினி கிடந்து எலும்பாப் போனீங்க. வேற ஆம்பிளையெண்டா எப்பவோ வேறொருத்தியத் தேடிப் போயிருப்பான்."

சொல்லிவிட்டு மீனை அலம்பத் தண்ணீர் அள்ளினாள். வரிசையாக வைத்திருந்ததில் ஒரு சொல்லும் வினாயகமூர்த்தியின் வாயில் வரவில்லை. நடந்ததை அவன் அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.